கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் சாஃப்ட்வேர் தானா ஓப்பன் ஆகணும்னா என்ன பண்ணணும்

எங்க மாமாவுக்கு பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல மளிகைக் கடை. காலைல அஞ்சரைக்கெல்லாம் ஷட்டர் தூக்கிடுவாரு, பால் பாக்கெட் வாங்க வர்ற கூட்டம் ஏழு மணி வரைக்கும் விடாது. கல்லா பக்கத்துல பில்லு போடற கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. ராத்திரி மழைல கரண்ட் போயிட்டு வந்தாலோ, இல்ல அப்டேட் ஆகி அதுவே ரீஸ்டார்ட் ஆயிருந்தாலோ, காலைல ஸ்கிரீன்ல வெறும் படம்தான் நிக்கும், பில்லிங் சாஃப்ட்வேர் இருக்காது. கடைல இருக்கற பையன் தருமபுரி பக்கம், சுறுசுறுப்பான பையன், சாஃப்ட்வேர் ஓப்பன் ஆயிருந்தா பில்லு கடகடன்னு போடுவான், ஆனா எந்த ஐகான எங்க போய் தேடறதுன்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. உடனே மாமா எனக்குப் போன் போடுவாரு, "டேய், பில்லு வரலடா, ஜனம் நிக்குது இங்க." நான் மாரத்தஹள்ளில தூக்கத்துலேந்து எந்திரிச்சு "மாமா, மஞ்சக் கலர்ல ஒரு படம் இருக்கு பாருங்க, அத ரெண்டு வாட்டி தட்டுங்க"ன்னு சொல்லுவேன். அவரு இருபது படத்துல மஞ்சளத் தேடறதுக்குள்ள நாலு பேரு சில்லறை இல்லாம கிளம்பிப் போயிருப்பாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை மூடுன நேரத்துல ஒக்காந்து இத சரி பண்ணேன். பண்ணும்போதுதான் புரிஞ்சுது, நெறைய பேரு இதுல பாதிதான் பண்றாங்க, அப்புறம் "நான் செட் பண்ணேன், ஆனா வரல"ன்னு விட்டுடறாங்க. அதனால முழுசா எழுதறேன், கம்ப்யூட்டர் புதுசுன்னாலும் பரவால்ல, ஒவ்வொண்ணா பண்ணிட்டே வாங்க.

மொதல்ல ஒண்ண நல்லா மனசுல வாங்கிக்கோங்க. சாஃப்ட்வேர் தானா ஓப்பன் ஆகறது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நடக்கறது இல்ல, நீங்க பாஸ்வேர்டோ பின் நம்பரோ போட்டு உள்ள போறீங்களே, அந்த லாகின் ஆகும்போதுதான் நடக்கும். அப்ப மூணு கதவு இருக்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆகணும், லாகின் ஆகணும், அப்புறம் சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகணும். மூணாவது கதவ மட்டும் தொறந்து வெச்சுட்டு மொத ரெண்டும் மூடியிருந்தா ஒண்ணும் நடக்காது. வேலைய ஆரம்பிக்கறது மூணாவதுலேந்துதான், அதுதான் எல்லாருக்கும் தேவைப்படும்.

அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க

ஷார்ட்கட் கிர்ட்கட்டுன்னு போறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ்ல ஒரு வாட்டி பாத்துடுங்க. "ஸ்டார்ட் வித் விண்டோஸ்", "லாஞ்ச் அட் ஸ்டார்ட்அப்", "ஓப்பன் அட் லாகின்" இந்த மாதிரி ஏதாவது ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். சாட் ஆப், மீட்டிங் ஆப், பேக்கப் ஆப் இதுல எல்லாம் பெரும்பாலும் இருக்கும். அது இருந்தா டிக் போட்டாலே முடிஞ்சுது, வேற எதுவும் தேவையில்ல.

இன்னொரு எடம் விண்டோஸ் செட்டிங்ஸ். விண்டோஸ் 10ஓ 11ஓ எதுவா இருந்தாலும் செட்டிங்ஸ், அதுல ஆப்ஸ், அதுல ஸ்டார்ட்அப்னு போனா ஒரு லிஸ்ட் வரும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சுவிட்ச். உங்க சாஃப்ட்வேர் அந்த லிஸ்ட்ல இருந்து சுவிட்ச் ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணிடுங்க. லிஸ்ட்லயே இல்லன்னா கீழ சொல்ற வழி.

ஸ்டார்ட்அப் ஃபோல்டர்

எங்க மாமா கடை பில்லிங் சாஃப்ட்வேர்ல அந்த மாதிரி டிக் பாக்ஸ் எதுவும் இல்ல, லிஸ்ட்லயும் இல்ல. பழைய சாஃப்ட்வேர்ல முக்காவாசி இப்படித்தான். இதுக்கு விண்டோஸ்ல ஸ்டார்ட்அப்னே ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள என்ன ஷார்ட்கட் (தட்டுனா சாஃப்ட்வேர ஓப்பன் பண்ற ஐகான்) கெடந்தாலும் லாகின் ஆனதும் விண்டோஸ் எடுத்து ஓப்பன் பண்ணிடும், அவ்ளோதான் விஷயம்.

கீபோர்டுல விண்டோஸ் படம் போட்ட பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆர் எழுத்த ஒரு தட்டு தட்டுங்க. இடது பக்கம் கீழ ரன்னு சின்னதா ஒரு பொட்டி வரும். அதுல இங்கிலீஷ்ல ஷெல்னு எழுதி, அத ஒட்டி மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி வெக்கற கோலன் போட்டு, அத ஒட்டியே ஸ்டார்ட்அப்னு எழுதுங்க. ஷெல்லுக்கு எஸ், ஹெச், இ, எல், எல். ஸ்டார்ட்அப் ஒரே வார்த்தை, எஸ், டி, ஏ, ஆர், டி, யு, பி. நடுவுல எங்கயும் எடம் விடக் கூடாது, விட்டீங்கன்னா கெடைக்கலன்னு சொல்லிடும். என்டர் தட்டுனா ஒரு ஃபோல்டர் தொறக்கும், பெரும்பாலும் காலியா இருக்கும், காலியா இருக்கேன்னு பயப்படாதீங்க, அதான் நம்ம எடம். அத அப்படியே தொறந்து வெச்சுக்கோங்க.

இப்ப ஸ்டார்ட் மெனுவத் தொறந்து சாஃப்ட்வேர் பேர டைப் பண்ணுங்க, பேரு மேல ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுங்க. இன்னொரு ஃபோல்டர் தொறக்கும், அதுல உங்க சாஃப்ட்வேரோட ஷார்ட்கட் இருக்கும், ஐகானோட இடது மூலைல சின்ன அம்புக்குறி இருந்தா அது ஷார்ட்கட்னு அர்த்தம். அத காப்பி பண்ணி நாம தொறந்து வெச்ச ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல பேஸ்ட் பண்ணுங்க. டெஸ்க்டாப்ல ஐகான் இருந்தா அதயே காப்பி பண்ணிக்கலாம், ஆனா மவுஸால இழுத்துப் போடாதீங்க, இழுத்துப் போட்டா டெஸ்க்டாப்ல இருந்தது எடம் மாறி ஸ்டார்ட்அப்புக்குள்ள போயிடும், அப்புறம் கடைல "ஐகானக் காணோம்"னு இன்னொரு போன் வரும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி போதும்.

ஷார்ட்கட்டத்தான் போடணும், சாஃப்ட்வேரோட ஒரிஜினல் ஃபைல எடுத்துட்டு வந்து இங்க போடக் கூடாது. அந்த ஃபைலுக்குப் பக்கத்துல இருக்கற மத்த ஃபைல் எல்லாம் அதுக்கு வேணும், தனியா தூக்கிட்டு வந்தா எர்ரர்தான் காட்டும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேந்து இன்ஸ்டால் பண்ண ஆப்னா ஓப்பன் ஃபைல் லொகேஷன்னு வராது. அதுக்கு அதே ரன் பொட்டில ஷெல், கோலன், அப்புறம் ஆப்ஸ்ஃபோல்டர்னு ஒரே வார்த்தையா எழுதுனா எல்லா ஆப்பும் ஒரே எடத்துல வரும், அங்கேந்து ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு இழுத்து விட்டா ஷார்ட்கட் தானா உருவாகும். இந்த ஒரு எடத்துல மட்டும் இழுக்கலாம், ஆப் எங்கயும் போயிடாது.

சாஃப்ட்வேர்தான் போடணும்னு இல்ல. எங்க அத்தை கடன் நோட்ட ஒரு எக்ஸெல் ஷீட்ல வெச்சிருக்காங்க, அதோட ஷார்ட்கட்டயும் அதே ஃபோல்டர்ல போட்டேன், பில்லிங்கும் கடன் ஷீட்டும் சேந்தே தொறக்குது. ஷீட் கீழ சின்னதா நின்னா போதும், பில்லிங் மட்டும் பெருசா முன்னாடி வரணும்னா, ஷார்ட்கட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதுல ரன்னு ஒரு வரி இருக்கும், ஷீட்டுக்கு மினிமைஸ்டு, பில்லிங்குக்கு மேக்சிமைஸ்டு வெச்சுக்கோங்க. சில சாஃப்ட்வேர் இத மதிக்காது, ஆனா பெரும்பாலும் வேலை செய்யும்.

இப்ப ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. லாகின் ஆனதும் உடனே வராது, கொஞ்ச செகண்ட் ஆகும், விண்டோஸ் தன்னோட வேலைய முடிச்சுட்டுதான் இதத் தொடும். பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட மெஷின்னா ஒரு நிமிஷம் கூட ஆகலாம். பொறுமையா இருங்க, வரலன்னு நெனச்சு நீங்களும் ஐகான தட்டுனீங்கன்னா ரெண்டு வாட்டி ஓப்பன் ஆயிடும்.

வரலன்னா என்ன பாக்கணும்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் ஆப்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், விண்டோஸ் 10ல வெறும் ஸ்டார்ட்அப்னு இருக்கும். நாம போட்ட சாஃப்ட்வேர் அங்க வந்திருக்கணும். டிஸேபிள்டுன்னு இருந்தா ரைட் கிளிக் பண்ணி எனேபிள் குடுங்க. யாராவது "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு"ன்னு க்ளீனர் சாஃப்ட்வேர் போட்டு எல்லாத்தயும் டிஸேபிள் பண்ணி வெச்சிருப்பாங்க, நான் பாத்த கேஸ்ல பாதி இதுதான்.

அங்கேயே ஸ்டார்ட்அப் இம்பாக்ட்னு ஒரு வரிசைல ஹை, மீடியம், லோன்னு போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டாதது ஹைன்னு நின்னா அத டிஸேபிள் பண்ணிடுங்க, உங்களுக்கு வேணும்ங்கற சாஃப்ட்வேர் சீக்கிரம் வரும். ஆனா என்னன்னே தெரியாதத, முக்கியமா ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் சம்பந்தப்பட்டத தொடாதீங்க.

எல்லாம் சரியா இருந்தும் வரலன்னா, அந்த சாஃப்ட்வேர் அட்மின் பர்மிஷன் கேக்கற சாஃப்ட்வேரா இருக்கும். நீங்க கையால ஓப்பன் பண்ணும்போது ஸ்கிரீன் மங்கலாகி "யெஸ், நோ"ன்னு ஒரு கேள்வி வருதா? அப்படின்னா ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போட்டு பிரயோஜனம் இல்ல, விண்டோஸ் அத தானா ஓப்பன் பண்ண விடாது. அதுக்கு டாஸ்க் ஷெட்யூலர்தான், எது எப்ப ஓடணும்னு குறிச்சு வெக்கற விண்டோஸ் டூல்.

டாஸ்க் ஷெட்யூலர், கொஞ்சம் கவனமா

இது எப்ப வேணும்னா ரெண்டு சமயத்துல. ஒண்ணு மேல சொன்ன அட்மின் விஷயம். இன்னொண்ணு, சாஃப்ட்வேர் கொஞ்சம் லேட்டா ஓப்பன் ஆகணும்ங்கறப்போ. எங்க மாமா பையன் குடோன்ல ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கான், டேட்டா எல்லாம் ஆபீஸ்ல இருக்கற இன்னொரு கம்ப்யூட்டர்ல, நடுவுல வைஃபை. லாகின் ஆனதும் சாஃப்ட்வேர் ஓடி வந்துடும், ஆனா வைஃபை இன்னும் கனெக்ட் ஆயிருக்காது, உடனே டேட்டா கெடைக்கலன்னு எர்ரர் அடிச்சு நின்னுடும். ஒரு நிமிஷம் லேட்டா வரவெச்சோம், அதுக்கப்புறம் பிரச்சனையே இல்ல.

ஸ்டார்ட் மெனுல டாஸ்க் ஷெட்யூலர்னு தேடி தொறங்க. வலது பக்கம் கிரியேட் பேசிக் டாஸ்க், கிரியேட் டாஸ்க்னு ரெண்டு இருக்கும், ரெண்டாவத எடுங்க. ஜெனரல் பக்கத்துல ஒரு பேரு வைங்க. "ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்"ங்கறத அப்படியே விடுங்க. அத மாத்தி லாகின் ஆகாமயே ஓடட்டும்னு குடுத்தா சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள ஓடும், ஆனா ஸ்கிரீன்ல ஜன்னலே வராது, ஓடுதா இல்லையான்னு தேடித் தேடி நேரம் போயிடும். அட்மின் கேக்கற சாஃப்ட்வேரா இருந்தா மட்டும் கீழ "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" டிக் போடுங்க.

ட்ரிகர்ஸ் பக்கத்துல நியூ குடுத்து, மேல இருக்கறதுல "அட் லாக் ஆன்" எடுங்க. "அட் ஸ்டார்ட்அப்"னும் ஒண்ணு இருக்கும், பேரப் பாத்து அத எடுத்துடாதீங்க, அது லாகினுக்கு முன்னாடி நடக்கறது. அதே ஜன்னல்ல கீழ "டிலே டாஸ்க் ஃபார்" டிக் போட்டு முப்பது செகண்டோ ஒரு நிமிஷமோ வைங்க.

ஆக்ஷன்ஸ் பக்கத்துல நியூ, ஸ்டார்ட் எ ப்ரோக்ராம், பிரவுஸ் குடுத்து சாஃப்ட்வேர் ஃபைலக் காட்டுங்க. அதுக்குக் கீழ "ஸ்டார்ட் இன்"னு ஒரு கட்டம் இருக்கும், பக்கத்துலயே ஆப்ஷனல்னு போட்டிருக்கும், ஆனா பழைய சாஃப்ட்வேருக்கு இது ரொம்ப முக்கியம். அந்த சாஃப்ட்வேர் இருக்கற ஃபோல்டரோட முகவரிய (பாத்னு சொல்லுவாங்க) இங்க போடுங்க, மேற்கோள் குறி வேண்டாம். போடலன்னா சாஃப்ட்வேர் தன்னோட ஃபைல விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டர்ல போய் தேடும், கெடைக்காம மூடிக்கும்.

இப்ப ரெண்டு டிக்க எடுக்கணும், இத யாரும் சொல்லிக் குடுக்க மாட்டேங்கறாங்க. கண்டிஷன்ஸ் பக்கத்துல, கம்ப்யூட்டர் சார்ஜர்ல இருந்தா மட்டும் ஓடணும்னு ஒரு டிக் ஏற்கனவே போட்டிருக்கும், லேப்டாப்னா அத எடுத்துடுங்க. இல்லன்னா பேட்டரில இருக்கும்போது ஓப்பன் ஆகாது. செட்டிங்ஸ் பக்கத்துல, 3 நாளுக்கு மேல ஓடுனா நிறுத்திடுன்னு ஒரு டிக் இருக்கும், அதயும் எடுங்க. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாம வெச்சிருக்கற எடத்துல, நாலாவது நாள் நடு வேலைல சாஃப்ட்வேர் பட்டுன்னு மூடிக்கும், ஏன்னே தெரியாது. குடோன்ல எங்களுக்கு அப்படி ஆச்சு, ரெண்டு வாரம் சாஃப்ட்வேர்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தோம்.

ஓகே குடுத்து, லிஸ்ட்ல அந்தப் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி ரன் குடுத்துப் பாருங்க. ஓப்பன் ஆனா சரி. ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல ஏற்கனவே போட்டிருந்தா அத எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு வரும்.

லாகின் கதவு

இப்ப ரெண்டாவது கதவு. பாஸ்வேர்டு கேட்டு நின்னுட்டா நாம பண்ணது எல்லாம் வெளிலயே காத்துக்கிட்டு இருக்கும். பாஸ்வேர்டு கேக்காம உள்ள போற மாதிரி பண்ண முடியும், ரன் பொட்டில நெட்பிளவிஸ், அதாவது என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட்னு அடிச்சா ஒரு ஜன்னல் வரும், மேல இருக்கற டிக்க எடுத்துட்டு ஓகே குடுத்தா ஒரு வாட்டி பாஸ்வேர்டு கேட்டுட்டு அதோட விட்டுடும். விண்டோஸ் 11ல சில மெஷின்ல அந்த டிக்கே தெரியாது. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போயி, விண்டோஸ் ஹலோ (முகம், கைரேகை, பின் வெச்சு உள்ள போறது) மட்டும்தான்னு இருக்கற சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்தா தெரியும்.

ஆனா இத எல்லாரும் பண்ணாதீங்க, இத நான் ரொம்ப அழுத்தமாவே சொல்றேன். வெளில தூக்கிட்டுப் போற லேப்டாப்ல வேண்டவே வேண்டாம், மெட்ரோல மறந்து விட்டுட்டு வந்தா எடுத்தவங்க மெயில், போட்டோ எல்லாத்தயும் ஒரு பட்டன்ல பாத்துடுவாங்க. கடைல நான் பண்ணது, பில்லிங்குக்குன்னு தனியா ஒரு யூசர் அக்கவுண்ட், அட்மின் இல்ல, அதுல மெயிலும் இல்ல பேங்க்கும் இல்ல. அதுக்கு மட்டும் பாஸ்வேர்டு கேக்காது. மாமாவோட அக்கவுண்ட் தனி, அதுக்கு பாஸ்வேர்டு உண்டு. இப்படிப் பண்ணா ஒண்ணு ஞாபகம் வைங்க, ஸ்டார்ட்அப் ஃபோல்டர் ஒவ்வொரு யூசருக்கும் வேற வேற. பில்லிங் யூசர்ல லாகின் ஆகி, அங்கேந்து அந்த ஃபோல்டரத் தொறந்து ஷார்ட்கட் போடணும். உங்க அக்கவுண்ட்ல போட்டுட்டு அவங்க அக்கவுண்ட்ல வரலன்னா வராதுதான்.

ஆன் ஆகற கதவு

கரண்ட் போயி வந்ததும் கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகணும்னா அது விண்டோஸ்ல இல்ல, பயாஸ்ல இருக்கு, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி மதர்போர்டுலயே இருக்கற செட்டிங்ஸ். ஆன் பண்ண உடனே டெலீட் பட்டனோ எஃப்2வோ தட்டிக்கிட்டே இருந்தா உள்ள போகும். பவர் சம்பந்தப்பட்ட பக்கத்துல "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்", "ஏசி பேக்", "ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்" இப்படி மதர்போர்டுக்கு ஒரு பேரு இருக்கும். பவர் ஆன்னு வெச்சா கரண்ட் வந்ததும் ஆன் ஆகும். லாஸ்ட் ஸ்டேட்னு வெச்சா, கரண்ட் போகும்போது ஆன்ல இருந்திருந்தா மட்டும் ஆன் ஆகும், நாம முறையா ஷட்டவுன் பண்ணிட்டுப் போயிருந்தா ஆகாது. மத்ததத் தொடாம சேவ் பண்ணிட்டு வெளில வாங்க. லேப்டாப்ல இது பெரும்பாலும் இருக்காது.

யூபிஎஸ் வெச்சிருந்தா ஒரு சிக்கல். பேட்டரி முழுசா தீந்து யூபிஎஸ் அணைஞ்சுட்டா, கரண்ட் வந்தும் பட்டன அமுக்குனாதான் ஆன் ஆகும்ங்கற மாடல் இருக்கு. அப்படின்னா கம்ப்யூட்டருக்கு கரண்ட் வந்ததே தெரியாது, பையனுக்கு அந்த ஒரு பட்டன மட்டும் காட்டிக் குடுத்துடுங்க.

அப்டேட் வந்து கடை நேரத்துல ரீஸ்டார்ட் ஆகாம இருக்க, விண்டோஸ் அப்டேட் உள்ள ஆக்டிவ் ஹவர்ஸ் வைங்க, விண்டோஸ் 11ல அது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல இருக்கும், 10ல அந்தப் பக்கத்துலயே இருக்கும். அதிகபட்சம் 18 மணி நேரம் வெக்கலாம், மாமா கடைக்கு காலைல 5லேந்து ராத்திரி 11 வெச்சேன், சரியா 18.

மேக், உபுண்டு வெச்சிருக்கறவங்களுக்கு

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் போயி பிளஸ் தட்டி ஆப்ப சேக்கணும். இன்னும் சுலபம், கீழ டாக்ல இருக்கற ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி ஆப்ஷன்ஸ்ல ஓப்பன் அட் லாகின் குடுங்க. உபுண்டுல ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்னே ஒரு டூல் இருக்கு, ஆட் குடுத்து பேரும் கமாண்டும் போட்டா போதும். லினக்ஸ் மின்ட்லயும் அதே பேருல இருக்கு, அதுல எத்தன செகண்ட் லேட்டா வரணும்னும் வெக்கலாம்.

கடைசியா டெஸ்ட். ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிட்டு சரியா இருக்குன்னு போயிடாதீங்க. எல்லாத்தயும் சேவ் பண்ணி மூடிட்டு ஷட்டவுன் பண்ணுங்க, முழுசா அணைஞ்சப்புறம் சுவத்துல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, யூபிஎஸ் இருந்தா கம்ப்யூட்டர் வயர அதுலேந்து எடுத்துடுங்க, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப ஆன் பண்ணுங்க. பயாஸ்ல பவர் ஆன்னு வெச்சவங்களுக்கு இங்கேந்து பில்லு ஸ்கிரீன் வரைக்கும் யாரும் கை வெக்காமலே வரணும். ஓடிட்டிருக்கும்போது வயரப் புடுங்கி டெஸ்ட் பண்ணாதீங்க, டேட்டா கெட்டுடும். நாங்க அன்னிக்கு டெஸ்ட் பண்ணும்போது அத்தை கல்லா பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டே இருந்தாங்க, தொண்ணூத்தி ரெண்டுல பில்லு ஸ்கிரீன் வந்துச்சு. மாமா கேட்ட மொத கேள்வி, "நாளைக்கி இது வேண்டாம்னா எப்படிடா எடுக்கறது?" அதே ஃபோல்டரத் தொறந்து ஷார்ட்கட்ட டெலீட் பண்ணா போதும் மாமா, சாஃப்ட்வேர் அப்படியே இருக்கும்னு சொன்னேன். அத ஒரு அட்டைல தமிழ்ல எழுதச் சொல்லி மானிட்டர் பின்னாடி ஒட்டி வெச்சிட்டாரு.